கிழிந்த கால்சட்டை வள்ளல்கள்

பழைய புத்தகக் கடைக்குப் போயிருக்கிறீர்களா?

நடைபாதையில் சாக்கு விரித்திருப்பார்கள். அதன் மேல் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். பள்ளிக்கூடப் பாடப் புத்தகம், சமையல் புத்தகம், சோதிடம், மர்ம நாவல், அட்டை இல்லாத அகராதி, எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும்.

ஒன்றை எடுத்துப் பிரித்தால், முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். அதை அடித்துவிட்டு இன்னொரு பெயர். அதற்குக் கீழே மூன்றாவது பெயர். ஒருவர் வாங்கினார், படித்தார், நண்பருக்குக் கொடுத்தார். அவர் படித்தார், விற்றார். இப்போது அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

"பழசுதானே!" என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். ஆனால் சில புத்தகங்கள் பல கை மாறியதால்தான் சாகாமல் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு நாவலைப் பற்றி இன்று சொல்லப் போகிறோம். நாவலுக்குள் இருக்கும் கதை ஒன்று. அந்த நாவலுக்கு நேர்ந்த கதை இன்னொன்று. இரண்டும் மனதைப் பிழியும் கதைகள்.

அது ஓர் ஆங்கில நாவல். "தி ராகட் டிரவுசர்ட் பிலாந்தராபிஸ்ட்ஸ்" என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால், "கிழிந்த கால்சட்டை வள்ளல்கள்"!

எழுதியவர் பெரிய படிப்பாளி அல்ல; பணக்காரரும் அல்ல. வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்த ஒரு பெயிண்டர்.

பகலில் பிரஷ், இரவில் பேனா

அவர் பெயர் ராபர்ட் நூனன். அயர்லாந்து நாட்டில், டப்ளின் நகரில், 1870-ம் ஆண்டு பிறந்தார். இளம் வயதில் பிழைப்பைத் தேடித் தென் ஆப்பிரிக்கா போனார். பிறகு இங்கிலாந்துக்கு வந்தார். ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் குடியேறினார்.

அவருக்கு ஒரே மகள். அவள் பெயர் காத்லீன்.

நூனன் கைத்திறன் மிக்கவர். சுவருக்கு வர்ணம் அடிப்பார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவார். அவ்வூர் மாதா கோவில் ஒன்றில் அழகான சித்திர வேலை செய்தார். அந்தக் கோவிலை 1970-ம் ஆண்டு இடித்துவிட்டார்கள். அவர் தீட்டிய சித்திரத்தில் ஒரு துண்டை மட்டும் காப்பாற்றி, ஹேஸ்டிங்ஸ் பொருட்காட்சி சாலையில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு திறமை இருந்தும் வயிறு நிறையவில்லை.

பெயிண்டர் வேலை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். வெயில் காலத்தில் வேலை இருக்கும். மழையும் குளிரும் வந்தால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலி நின்றுவிடும். கூலி நின்றாலும் வாடகை நிற்பதில்லை, பசியும் நிற்பதில்லை.

போதாததற்கு அவருக்குக் காச நோய் வேறு.

நாள் முழுவதும் ஏணியில் நின்று உழைத்துவிட்டு வருவார். இரவில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுதுவார். தன் கூட வேலை செய்த தொழிலாளிகளின் வாழ்க்கையை எழுதினார். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாததை எழுதினார். அவர்கள் பேச்சை, சிரிப்பை, சண்டையை, பயத்தை எழுதினார்.

கையால் எழுதிய பக்கங்கள் 1,600-க்கு மேல்!

சொந்தப் பெயரைப் போடவில்லை. போட்டால் எந்த முதலாளியும் வேலை தரமாட்டார் என்ற பயம். ஆகவே "ராபர்ட் டிரஸ்ஸல்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பெயிண்டர்கள் பலகையைத் தாங்க வைக்கும் மரக்காலுக்கு ஆங்கிலத்தில் "டிரஸ்ஸல்" என்று பெயர். தன் தொழிற் சாமானின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார்.

"குகை" என்ற மாளிகை

இனி நாவலுக்கு வருவோம்.

மக்ஸ்பரோ என்பது கதை நடக்கும் ஊர். ஏமாளிகளின் ஊர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அங்கே ஒரு பெரிய வீடு. அதன் பெயர் "குகை". அதைப் பழுது பார்த்து வர்ணம் அடிக்கும் வேலையை "ரஷ்டன் கம்பெனி" எடுத்திருக்கிறது. அந்த வேலைக்கு வந்த தொழிலாளிகள்தான் கதாபாத்திரங்கள்.

கதாநாயகன் பிராங்க் ஓவன். அவனும் பெயிண்டர். அவனுக்கும் காச நோய். மனைவி உண்டு; சின்னஞ்சிறு மகன் ஒருவன் உண்டு.

அந்த வேலையில் ஹண்டர் என்று ஒரு மானேஜர். அவருக்குத் தொழிலாளிகள் வைத்த பட்டப்பெயர் "துயரம்"! சத்தம் போடாமல் பூனை மாதிரி வருவார். யார் சும்மா நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று கதவு மறைவில் நின்று பார்ப்பார்.

லிண்டன் என்று ஒரு கிழவர். நன்றாக வேலை தெரிந்தவர். ஒரு நாள் வேலை நேரத்தில் புகை பிடித்ததை ஹண்டர் பார்த்துவிட்டார். உடனே சீட்டு கிழிந்தது!

புகை பிடித்தது ஒரு சாக்குத்தான். கிழவருக்குக் கூலி மணிக்கு 7 பென்ஸ். வேலை கிடைக்காமல் அலைந்த இன்னொருவன், அரை பென்னி குறைத்துக் கொடுத்தாலும் போதும் என்கிறான். அந்த அரைப் பென்னிக்காக ஒரு கிழவர் தெருவுக்கு வருகிறார். கடைசியில், கதியற்றவர்களை அடைத்து வைக்கும் ஏழை விடுதிக்குப் போகிறார்.

வந்தவன் மேல் நமக்குக் கோபம் வருகிறதா? வரவில்லை. அவன் வீட்டிலும் குழந்தைகள் பட்டினி. ஓர் ஏழையின் பசியைக் காட்டி இன்னோர் ஏழையின் கூலியைக் குறைக்கிறார்கள். இதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாவல்கள் குறைவு.

வீட்டுக் கணக்கு

தாய்மார்கள் படிக்கவேண்டிய ஓர் அத்தியாயம் இந்த நாவலில் இருக்கிறது.

ஈஸ்டன் என்ற தொழிலாளியும் அவன் மனைவி ரூத்தும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். வாடகை எவ்வளவு? தவணைக்கு வாங்கிய சாமானுக்கு எவ்வளவு? பால்காரருக்கு எவ்வளவு? ரொட்டிக் கடைக்கு, மளிகைக் கடைக்கு, கரிக்கு எவ்வளவு?

கூட்டிப் பார்க்கிறார்கள். வரவை விடச் செலவு அதிகம். எதைக் குறைக்கலாம் என்று பார்க்கிறார்கள். குறைக்க ஒன்றும் இல்லை. கணவனுக்கு மனைவி மேல் எரிச்சல் வருகிறது. "கணக்கை நீதான் சரியாக வைக்கவில்லை" என்று நினைக்கிறான். அவள் அழுகிறாள்.

தப்பு அவள் கணக்கில் இல்லை. அவன் கூலியில் இருக்கிறது!

எத்தனை குடும்பங்களில் மாதக் கடைசியில் இந்தச் சண்டை நடக்கிறது! கையில் இருக்கும் பணம் போதாதபோது, போதாமைக்குக் காரணம் யார் என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். நாவலாசிரியர் இதை ஒதுங்கி நின்று எழுதவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

யார் வள்ளல்?

வள்ளல் என்றால் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்? முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன்.

இந்த நாவலில் வள்ளல்கள், கால்சட்டை கிழிந்த பெயிண்டர்கள்! வேடிக்கையாக இருக்கிறது அல்லவா?

ஆசிரியர் வேடிக்கைக்காக அந்தப் பெயரை வைக்கவில்லை. "பாரி கொடுத்தது ஒரு தேர். இவர்களோ வாழ்நாள் முழுவதும் தங்கள் உழைப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுக்கிறோம் என்பதே இவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களை விடப் பெரிய வள்ளல்கள் யார்?" என்பதுதான் அவர் கருத்து.

இதை விளக்க நாவலில் ஒரு காட்சி வருகிறது. புகழ் பெற்ற காட்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொழிலாளிகள் கொண்டுவந்த ரொட்டித் துண்டுகளை ஓவன் வாங்கி வைத்துக்கொள்கிறான். மூன்று பேரிடம் பேனாக் கத்தியை இரவல் வாங்குகிறான். மூன்று செப்புக் காசுகளை எடுத்துக்கொள்கிறான்.

ரொட்டித் துண்டுகள் பூமியில் கிடைக்கும் பொருள்கள். கத்திகள் யந்திரங்கள். காசு ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. இவை எல்லாம் ஓவனுக்குச் சொந்தம், அவன்தான் முதலாளி. மற்ற மூவரும் தொழிலாளிகள்.

ஒவ்வொருவரும் ஒரு ரொட்டித் துண்டைக் கத்தியால் மூன்று சிறு கட்டிகளாக நறுக்க வேண்டும். அது ஒரு வார வேலை. கூலி ஒரு காசு.

நறுக்கினார்கள். ஒன்பது கட்டிகள் ஆயின. ஒன்பதும் முதலாளிக்கு. ஆளுக்கு ஒரு காசு கூலி.

பசிக்கிறது. சாப்பிட என்ன வழி? முதலாளியிடம்தான் வாங்க வேண்டும். ஒரு கட்டியின் விலை என்ன? ஒரு காசு!

மூன்று பேரும் காசைக் கொடுத்து ஆளுக்கு ஒரு கட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். இப்போது பாருங்கள். மூன்று காசும் முதலாளி கைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆறு கட்டிகளும் அவனிடம் இருக்கின்றன. தொழிலாளிகளிடம் காசும் இல்லை; ரொட்டியும் இல்லை. மறுபடியும் வேலை செய்தால்தான் மறுபடியும் சாப்பாடு.

இப்படியே பல தடவை நடக்கிறது. முதலாளியின் முன்னால் ரொட்டிக் கட்டி குவிகிறது. அப்போது அவன், "சரக்கு தேங்கிவிட்டது. இனி வேலை இல்லை" என்று கத்திகளைப் பிடுங்கிக்கொள்கிறான்.

ரொட்டி குவிந்து கிடக்கிறது. அதைச் செய்தவர்கள் பட்டினி!

பொருளாதாரம் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்கும்படி, மூன்று துண்டு ரொட்டியில் ஒரு பெயிண்டர் அதைச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இல்லை. முதல் போட்டவருக்கும் நஷ்டம் வரும், கவலை வரும் என்று வாதாடுவோர் உண்டு. வாதாடட்டும். ஆனால் அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் அதை மறப்பது கஷ்டம்.

அதைக் கேட்ட தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? சிரித்தார்கள்! ஓவனைக் கேலி செய்தார்கள். "நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார்கள்.

வறுமையை விட அந்தச் சிரிப்புத்தான் நம்மை அதிகம் வருத்துகிறது.

நைந்த கயிறு

கதையில் பில்பாட் என்று ஒரு கிழத் தொழிலாளி. நல்ல மனிதர். எல்லோருக்கும் வேண்டியவர். ஒரு நாள் பெரிய ஏணியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். நைந்துபோன பழைய கயிறு. அறுந்துவிட்டது. ஏணி விழுந்து பில்பாட் செத்துப் போகிறார்.

நல்ல கயிறு வாங்கியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். கயிற்றுக்குக் காசு செலவழிக்க மனம் இல்லை. "விபத்து" என்று எழுதி வழக்கு முடிகிறது.

இதற்கு மேல் ஒரு கொடுமை. ரஷ்டன் கம்பெனி வர்ணம் அடிக்கும் வேலை மட்டும் செய்வதில்லை. சவப்பெட்டி செய்து அடக்கம் பண்ணும் தொழிலும் செய்கிறது. பில்பாட்டின் பிணத்துக்காக அந்தக் கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் போட்டி போடுகின்றன! உயிரோடு இருந்தபோதும் அவரால் லாபம். செத்த பிறகும் லாபம்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்ச் சாரங்கள் கண்முன் வருகின்றன. கயிறு கட்டாமல் உயரத்தில் தொங்கிக்கொண்டு வர்ணம் அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறோம். கீழே நின்று பார்க்கும் நமக்கே தலை சுற்றுகிறது. வீடு கட்டுகிறவர்கள், வேலை எடுக்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். புதுக் கயிற்றின் விலை என்ன? ஒரு குடும்பத்தின் விலை என்ன?

ஒரு சிறுவனுக்காக

நாவல் முழுவதும் அழுகை என்று நினைத்துவிட வேண்டாம். சிரிப்பும் இருக்கிறது; வீரமும் இருக்கிறது.

பெர்ட் என்று ஒரு சிறுவன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் அரும்பாடு பட்டுச் சேர்த்த பணத்தைக் கட்டி, தொழில் பழக அவனைக் கம்பெனியில் விட்டிருக்கிறாள். அவனோ பாரவண்டி இழுக்கிறான். நடுங்கும் குளிரில், நெருப்பு இல்லாத கொட்டகையில், பழைய வர்ண டப்பாக்களைத் துடைக்கிறான்.

ஒரு நாள் ஓவன் அதைப் பார்த்துவிடுகிறான். அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக முதலாளியின் அறைக்குள் போகிறான். "அந்தப் பையன் இருக்கும் இடத்தில் நெருப்பு மூட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன்" என்கிறான்.

தனக்குக் கூலி குறைந்தபோது இப்படி முதலாளியின் அறைக்குள் போகாதவன், ஊரார் பிள்ளைக்காகப் போகிறான்! வேலை போய்விட்டால் தன் மனைவி மக்கள் பட்டினி என்பது தெரிந்தும் போகிறான்.

இன்னொரு காட்சி. மாளிகையின் கூடத்துக்குச் சித்திர வேலை செய்யும் பொறுப்பு ஓவனுக்குக் கிடைக்கிறது. உடனே அவன் மாறிவிடுகிறான். இரவெல்லாம் கண் விழித்து வீட்டில் படம் வரைகிறான். அவனுக்கு ஆனந்தம்!

உழைப்பு என்பது சுமை மட்டும் அல்ல. மனம் விரும்பிச் செய்தால் அது கலை. தொழிலாளியைப் பிச்சைக்காரனாக மட்டும் காட்டாமல், கலைஞனாகவும் காட்டினாரே, அதுதான் இந்த நாவலின் உயர்வு. மாதா கோவிலில் சித்திரம் தீட்டிய கை அல்லவா எழுதியது!

தகரப் பெட்டிக்குள்

இனி நாவலுக்கு நேர்ந்த கதை.

எழுதி முடித்த நூனன் அதைப் புத்தகம் போடுவோருக்கு அனுப்பினார். ஒருவர் திருப்பி அனுப்பினார். அடுத்தவரும் திருப்பி அனுப்பினார். மூன்றாமவரும் அப்படியே! டைப் அடிக்காமல் கையால் எழுதியிருந்ததால் பிரித்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

நூனன் மனம் உடைந்து போனார். எழுதியதை எல்லாம் நெருப்பில் போடத் துணிந்தார். மகள் காத்லீன் தடுத்துக் காப்பாற்றினாள். ஒரு தகரப் பெட்டியில் வைத்து, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

கனடாவுக்குப் போய்ப் பிழைக்கலாம் என்று நூனன் நினைத்தார். 1910-ம் ஆண்டு லிவர்பூல் துறைமுக நகருக்குப் போனார். கப்பல் ஏறவில்லை. நோய் முற்றிவிட்டது. 1911-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி அங்கே ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 40.

அடக்கம் செய்யப் பணம் இல்லை. அநாதைகளைப் புதைக்கும் குழியில், வேறு 12 பேரோடு சேர்த்துப் புதைத்தார்கள். பெயர்க் கல் இல்லை. அந்த இடத்தில் கல் வைத்தது 1977-ம் ஆண்டில்தான்!

நோயுற்ற தொழிலாளிக்கு உதவிப் பணமும், காச நோய்க்குச் சிகிச்சையும் தர வழி செய்யும் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் இங்கிலாந்தில் எப்போது வந்தது தெரியுமா? அதே 1911-ம் ஆண்டு, டிசம்பர் மாதம். அவர் இறந்து பத்து மாதம் கழித்து!

விலை 25 பவுண்டு

தந்தை போன பின் காத்லீன் லண்டனில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். அந்த வீட்டுக்கு அறிமுகமான ஓர் எழுத்தாளப் பெண்மணியிடம் தந்தையின் கதையைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மையார் பெயர் ஜெஸ்ஸி போப். அவர் அதைக் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தரிடம் கொண்டுபோனார்.

ரிச்சர்ட்ஸ் படித்தார், அசந்து போனார். சகல உரிமைகளையும் 25 பவுண்டுக்கு வாங்கினார். 1914-ம் ஆண்டு புத்தகம் வெளிவந்தது.

ஆனால் முழுப் புத்தகம் அல்ல! மூலத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வார்த்தைகள். ஜெஸ்ஸி போப் வெட்டி வெட்டி ஒன்றரை லட்சமாக்கினார். 1918-ம் ஆண்டு வந்த மலிவுப் பதிப்பில் இன்னும் வெட்டினார்கள். மிஞ்சியது சுமார் 90 ஆயிரம் வார்த்தைகள்.

வெட்டியது கிடக்கட்டும். முடிவையே மாற்றிவிட்டார்கள்!

கதையின் நடுவில் ஓவன் மனம் வெறுத்துப் போகும் ஓர் இடம் உண்டு. மனைவியையும் மகனையும் கொன்று, தானும் செத்துவிடலாமா என்று நினைக்கிறான். வெட்டிய பதிப்பில் அதுவே கடைசிக் காட்சி!

நூனன் எழுதிய முடிவு வேறு. கதையின் கடைசியில் ஒரு நண்பனின் உதவி ஓவனுக்குக் கிடைக்கிறது. இருட்டுக்குப் பின்னால் சூரிய வெளிச்சம் வருவது போல, ஏழை பணக்காரன் இல்லாத காலம் வரும் என்ற நம்பிக்கையோடு நாவல் முடிகிறது.

ஏழை எழுதியது நம்பிக்கை. அச்சில் வந்தது சாவு!

இதுதான் நாம் இன்று சொல்ல வந்த விஷயம். ஏழையின் கண்ணீரை அச்சுப் போட ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். அவன் யோசனையை, அவன் கேள்வியை, அவன் நம்பிக்கையை அச்சுப் போடத்தான் யோசிக்கிறார்கள். "பாவம்" என்று நாலு பேர் சொன்னால் அதோடு போதும் என்று நினைக்கிறார்கள். நூனன் கேட்டது இரக்கம் அல்ல, நியாயம்.

கை மாறிய புத்தகம்

வெட்டினாலும் அந்தப் புத்தகம் சாகவில்லை. ஏன்?

தொழிலாளிகள் அதை விடவில்லை! பெயிண்டர்களும் தச்சர்களும் கொத்தர்களும் அதை வாங்கினார்கள். ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் படித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அட்டை கிழிந்து, தாள் உதிரும் வரைக்கும் படித்தார்கள். 1940-ம் ஆண்டு பெங்குவின் மலிவுப் பதிப்பு வந்தது. இரண்டாவது உலகப் போரில் சிப்பாய்கள் அதைக் கை மாற்றிக்கொண்டார்கள். 1945-ம் ஆண்டுத் தேர்தலில் தொழிற் கட்சி வெற்றி பெற்றதற்கு இந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிரெட் பால் என்று ஒருவர். இந்த நாவலை எழுதியவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார் என்று பல வருஷம் தேடினார். நூனனோடு வேலை செய்த கிழவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். கடைசியில் கையெழுத்துப் பிரதி இருக்கும் இடத்தையே கண்டுபிடித்துவிட்டார். 1946-ம் ஆண்டு நண்பர்களோடு பணம் சேர்த்து, 70 பவுண்டுக்கு அதை வாங்கினார்.

வெட்டிய பக்கங்களை எல்லாம் சேர்த்து ஒழுங்கு செய்தார். 1955-ம் ஆண்டு முழு நாவல் வெளிவந்தது. நூனன் இறந்து 44 வருஷம் கழித்து, அவர் எழுதியபடியே அவர் கதை முடிந்தது!

ஒரு மகள் நெருப்பிலிருந்து காப்பாற்றினாள். பல்லாயிரம் தொழிலாளிகள் மறதியிலிருந்து காப்பாற்றினார்கள். ஒரு வாசகர் கத்தரிக்கோலிலிருந்து காப்பாற்றினார்.

நமக்கு என்ன?

"எங்கேயோ இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன் நடந்தது. நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

முதலில் ஒரு சின்ன யோசனை. இந்த நாவலைப் பழைய புத்தகக் கடையில் பார்த்தால், உள்ளே ஆண்டைப் பாருங்கள். 1955-க்கு முந்தியது என்றால் அது வெட்டிய புத்தகம். நினைவுக்காக வாங்கி வைக்கலாம். படிக்க முழுப் பதிப்பைத் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால், நாளைக்கு ஒரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். மிக நீளம். சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்கிறார். தன் தோழர்களையே "மடையர்கள்" என்று கோபத்தில் அதிகமாகத் திட்டுகிறார். பசியில் இருக்கிறவன் யோசிக்க நேரம் இல்லாமல் சிரித்தால், அவனை அவ்வளவு கோபிக்கலாமா? ஆனால் அது அயலானின் ஏளனம் அல்ல. கூடப் பிறந்தவன் மேல் வரும் கோபம்.

இரண்டாவது, புத்தகத்தைப் பூட்டி வைக்காதீர்கள். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவதுதான் முக்கியம். "எனக்கு என்ன எழுத வரும்? நான் கூலிக்காரன்" என்று சொல்லாதீர்கள். நூனனும் கூலிக்காரர்தான். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கும் இதையே சொல்வோம். பேருந்துப் பலகையைப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும் எழுத்து அல்ல. உங்கள் வீட்டு வாடகையை, உங்கள் வேலையை, உங்கள் பிள்ளையின் படிப்பை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கதையை உங்களைவிட நன்றாக யார் எழுத முடியும்?

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஒருவர் வருவார். கால்சட்டையில் பல நிறம் தெறித்திருக்கும்; முழங்காலில் கிழிந்திருக்கும். தண்ணீர் கேட்டால் திண்ணையில் உட்காரச் சொல்லிக் கொடுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஏணியின் கயிறு நன்றாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அவர் ஒரு வள்ளலாக இருக்கலாம். இரவில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறவராகவும் இருக்கலாம்!